சொட்டுகிற ஆங்கிள் காக்: கை வைப்பதற்கு முன்னும் பின்னும்

வெஸ்டர்ன் டாய்லெட்டின் ஃபிளஷ் டேங்குக்குப் பக்கத்தில் சுவரிலிருந்து ஒரு குட்டிக் குழாய் எட்டிப் பார்க்கும். அதிலிருந்து வெள்ளை பிளாஸ்டிக் பைப்போ கம்பி பின்னிய பைப்போ டேங்குக்குப் போகும். அதுதான் ஆங்கிள் காக். வீட்டில் யாருமே தொடாத குழாய் அது ஒன்றுதான். பத்துப் பதினைந்து வருடம் திறந்தபடியே கிடக்கும். ஒருநாள் டேங்குக்குள், தண்ணீர் நிறைந்ததும் அடைக்கிற ஃப்ளோட் கெட்டுப்போகும், தண்ணீரை நிறுத்தலாமே என்று அதைத் திருகுவோம். அன்றைக்குத்தான் அது ஒழுக ஆரம்பிக்கும்.

நான் முதல்முறை இதில் கை வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். லேசாகச் சொட்டியது, இறுக்கினால் நின்றுவிடும் என்று பைப் ரெஞ்ச் போட்டு ஒரு திருகு திருகினேன். காக் கையோடு வந்துவிட்டது. மொட்டை மாடிக்கு ஓடினால் அங்கே கேட் வால்வு சுற்றிக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. டேங்க் காலியாகும்வரை வாளி வாளியாக இறைத்தோம். மறுநாள் வந்த பிளம்பர் அண்ணன் பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மூடியை எடுத்து, டேப் சுற்றி, சுவர் ஓட்டையில் திருகினார். “முதல்ல டம்மி வாங்கி வச்சுக்கிட்டு அப்புறம் கழட்டணும் சார்” என்றார். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் அதை மட்டும் மறக்காதீர்கள். அரை இஞ்ச் டம்மி, சில ரூபாய்தான். அது கையில் இருந்தால், காக் கையோடு வந்துவிட்டாலும் சுவர் ஓட்டையை அடைத்துவிட்டு வீட்டின் மற்ற குழாய்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொள்ளலாம். டாய்லெட்டுக்கு வாளித் தண்ணீர் போதும். நிதானமாக யோசிக்க நேரம் கிடைக்கும்.

எங்கே ஒழுகுகிறது?

இதைக் கண்டுபிடிக்காமல் ஸ்பேனரைத் தொடவேண்டாம். மேலே கசியும் தண்ணீர் கீழே ஓடிவந்து சொட்டும், பார்க்கிறவருக்குக் கீழ்ப்பக்கம்தான் குற்றவாளி போலத் தெரியும். காக்கை முழுக்கத் துணியால் துடைத்துவிட்டு, பழைய செய்தித்தாளைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்து ஒவ்வொரு மூட்டிலும் ஒட்டிவையுங்கள். எந்தத் துண்டு முதலில் நனைகிறதோ அங்கேதான் கோளாறு.

ஒழுகும் இடங்கள் நான்குதான். காக்கும் சுவரும் சேருமிடம், கைப்பிடியின் அடி, கனெக்‌ஷன் பைப்பின் நட், நான்காவது காக்கின் உடம்பிலேயே விரிசல். இதைத் தவிர, வெளியே ஒரு சொட்டும் இல்லாமல், மூடினாலும் டேங்குக்குள் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும் நோய் ஒன்றும் உண்டு. அதற்குத் தனி வைத்தியம்.

எவ்வளவு வீணாகிறது என்று தெரியவேண்டுமானால் அடியில் ஒரு டம்ளர் வைத்துப் பாருங்கள். 200 மில்லி டம்ளர் ஒரு மணி நேரத்தில் நிறைந்தால் நாளைக்கு 4.8 லிட்டர், மாதத்துக்கு 144 லிட்டர். லாரித் தண்ணீர் வாங்குகிற வீட்டில் அது காசு. மாடி வீடாக இருந்தால் கீழ் வீட்டுக்காரர் சீலிங்கில் வரும் ஈரத்துக்குப் பதில் சொல்லவேண்டியதும் நாம்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. உப்புத் தண்ணீரில் வருடக்கணக்காக இருந்தால் துத்தநாகம் மெல்லக் கரைந்துபோய், செம்பு மட்டும் பஞ்சு மாதிரி நிற்கும். முலாம் உரிந்த இடத்தில் மஞ்சளுக்குப் பதில் செம்மண் நிறம் தெரிந்தால், அல்லது வெள்ளைப் பொடி பூத்து அடியில் பள்ளம் விழுந்திருந்தால், ரிப்பேர் என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். அந்தக் காக்கை மாற்றத்தான் வேண்டும்.

வாங்கவேண்டியவை

டம்மியைச் சொல்லிவிட்டேன். டெஃப்லான் டேப் இரண்டு சுருள், அரை இஞ்ச் ரப்பர் வாஷர் நாலைந்து, ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், பைப் ரெஞ்ச், சின்ன ஸ்க்ரூ டிரைவர், பழைய டூத் பிரஷ், ஒரு வாளி. பைப் ரெஞ்ச் இல்லாவிட்டால் தெரிந்தவரிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம், வருடத்துக்கு ஒருமுறை வேலைக்கு அதைக் காசு கொடுத்து வாங்கவேண்டியதில்லை.

கடையில் “அரை இஞ்ச்” என்று கேட்டால் போதும். வீட்டில் ஸ்கேல் வைத்து மரையை (திருகு வரியை) அளந்துவிட்டு “21 மில்லிமீட்டர் இருக்கே” என்று குழம்பவேண்டாம். அரை இஞ்ச் என்பது பழைய இரும்புக் குழாயின் உள்துளையை வைத்து வந்த பெயர். வெளிமரையின் விட்டம் ஏறத்தாழ 21 மி.மீ.தான், ஒரு இஞ்சுக்கு 14 மரை. பிரிட்டிஷ் காலத்து அளவு, நம் ஊரில் இன்றும் அதுதான் ஓடுகிறது.

தண்ணீரை நிறுத்துதல்

தனி வீடு என்றால் மொட்டை மாடி டேங்கின் அவுட்லெட் வால்வை மூடுங்கள். அடுக்குமாடியில் பைப்புகள் இறங்கும் டக்டுக்குள் உங்கள் வீட்டுக்கான வால்வு இருக்கும். ஒரே லைனில் நாலு வீடு இருந்தால் பக்கத்து வீடுகளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டு நிற்பவர் சாபம் பொல்லாதது. பிரஷர் பம்ப் இருந்தால் அதன் ஸ்விட்சையும் அணைக்கவேண்டும்.

மூடியபிறகு வீட்டிலேயே தாழ்வான ஒரு குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருங்கள். தண்ணீர் முழுக்க நின்றால் சரி. நூல் மாதிரி வந்துகொண்டே இருந்தால் வால்வு பிடிக்கவில்லை என்று அர்த்தம். பழைய கேட் வால்வுகளில் இது சகஜம், உள்ளே உப்புப் படிந்து கதவு முழுக்க இறங்காது. அப்போது இரண்டு வழி. ஒன்று, காலையில் மோட்டார் போடுவதற்கு முன், டேங்க் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும் நேரத்தில் வேலையை வைத்துக்கொள்வது. இன்னொன்று, டேங்குக்குள் அவுட்லெட் ஓட்டையைத் துணிச்சுருளால் அடைப்பது. அந்தத் துணியில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையை வெளியே கட்டிவிடுங்கள். கயிறில்லாமல் அடைத்தால் துணி பைப்புக்குள் போய்விடும், அப்புறம் வீடு முழுக்கத் தண்ணீர் வராது.

தரைத்தளத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். டேங்கின் நீர்மட்டம் காக்குக்கு 10 மீட்டர் மேலே இருந்தால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ. மேல் மாடியில் 3 மீட்டர்தான் இருக்கும். மேலே விரலால் அடைத்துவிடக்கூடிய தண்ணீர், கீழே முகத்தில் அடிக்கும்.

பைப் நட்டில் ஒழுகினால்

இதுதான் லேசான வேலை. காக்கின் வாயிலிருந்து நட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். பழையது பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போயிருக்கும். எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு, கையால் முடிந்தவரை இறுக்கி, அதற்குமேல் ஸ்பேனரால் கால் சுற்று. பிளாஸ்டிக் நட்டாக இருந்தால் ஸ்பேனரே வேண்டாம். இங்கே பலரும் டெஃப்லான் டேப்பைச் சுற்றித் தள்ளுகிறார்கள். இந்த மூட்டில் தண்ணீரைத் தடுப்பது வாஷர், மரை இல்லை. டேப் சுற்றினால் நட் சரியாக உட்காராமல் இன்னும் ஒழுகத்தான் வாய்ப்பு. பைப் ரொம்பப் பழசு என்றால் பைப்பையே மாற்றுங்கள். 18 இஞ்ச், 24 இஞ்ச் என்று நீளம் பார்த்துக் கேட்கவேண்டும். இழுத்துப் பிடித்து மாட்டுகிற நீளம் உதவாது.

கைப்பிடி அடியில் ஒழுகினால்

பழைய மாடல் காக்கில், கைப்பிடியை நாலைந்து சுற்றுச் சுற்றி மூடவேண்டியிருக்குமே, அதில் கைப்பிடிக்குக் கீழே ஒரு சின்ன நட் இருக்கும். கிளாண்ட் நட் என்பார்கள். முதலில் அதைச் சுற்றில் எட்டில் ஒரு பங்கு மட்டும் இறுக்கிப் பாருங்கள். பாதி நேரம் ஒழுக்கு அதிலேயே நின்றுவிடும். அளவுக்கு மீறி இறுக்கினால் கைப்பிடி சுற்றாது.

நிற்கவில்லையா, தண்ணீரை நிறுத்திவிட்டுக் கைப்பிடியின் தலையில் இருக்கும் மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்புங்கள். உள்ளே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றிக் கைப்பிடியை இழுத்தால் வரவேண்டும். வராவிட்டால் உப்புப் பிடித்திருக்கிறது. வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள், எலுமிச்சைச் சாறும் ஆகும். டாய்லெட் கழுவுகிற ஆசிட்டை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், உப்போடு முலாமையும் பித்தளையையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கிளாண்ட் நட்டை மேலே தூக்கினால் தண்டைச் சுற்றிக் கறுத்துப்போன நூல் மாதிரி ஏதோ இருக்கும். அல்லது ஒன்றுமே இருக்காது, அதுதான் ஒழுக்குக்குக் காரணம். மிச்சத்தைச் சுரண்டி எடுங்கள். டெஃப்லான் டேப்பை ஒரு முழம் கிழித்து, விளக்குக்குத் திரி திரிப்பது போல விரல்களுக்கிடையில் உருட்டுங்கள். அந்தத் திரியைத் தண்டைச் சுற்றி நட்டு இறுகும் திசையிலேயே மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் உள்ளே அழுத்தி, நட்டைப் போட்டு இறுக்குங்கள். கைப்பிடி கொஞ்சம் கனமாக, ஆனால் கையாலேயே சுற்றுகிற பதம்தான் சரியான பதம்.

மூடினாலும் தண்ணீர் நிற்காவிட்டால்

நாலைந்து சுற்று மாடலில் உள்ளே ஒரு ரப்பர் வாஷர்தான் தண்ணீரைத் தடுக்கிறது. மெயின் தண்ணீரை நிறுத்தியபிறகு காக்கைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, கைப்பிடிப் பகுதியை முழுதாகக் கழற்றுங்கள். மூடிய நிலையில் கழற்றினால் தண்டு கீழே வாஷர் உட்காரும் சீட்டை அழுத்திக்கொண்டு மரையைக் கெடுக்கும். அடியில் இருக்கும் வாஷரை மாற்றுங்கள். வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே வெட்டு விழுந்திருந்தால் புது வாஷரும் சில மாதம்தான் தாங்கும்.

கால் சுற்றில் மூடுகிற புது மாடலில் வாஷருக்குப் பதில் இரண்டு செராமிக் வட்டுகள். ஒன்றின்மேல் ஒன்று வழுக்கித் துளையை மூடும். மணல் புகுந்தால் கீறல் விழும், அவ்வளவுதான். அதைப் பழுதுபார்க்க முடியாது. வட்டுகள் இருக்கும் ஸ்பிண்டிலைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் அதே மாதிரி கேளுங்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி பல் எண்ணிக்கையும் உயரமும் மாறும், வாயால் விவரித்து வாங்க முடியாது.

சுவர் மூட்டில் ஒழுகினால்

உண்மையான வேலை இங்கேதான். இறுக்கினால் நிற்கும் என்று தோன்றும். நான் செய்த தப்பு அதேதான். பழைய டேப் காய்ந்து நொறுங்கியிருக்கும், திருகினால் அது பிய்ந்து இன்னும் வேகமாக ஒழுகும். எம்-சீல் பசையை வெளியே அப்புவதும் ஊர் வழக்கம். ஈரமான இடத்தில் அது பிடிக்காது, பிடித்தாலும் உள்ளே கசிவு சுவருக்குள் திரும்பிவிடும். கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டுவதுதான் வழி.

கனெக்‌ஷன் பைப்பைக் கழற்றிவிடுங்கள். சுவரை ஒட்டி ஒரு வட்டத் தகடு இருக்கும், ஃபிளாஞ்ச். அதை வெளியே இழுத்து, பின்னால் இருக்கும் வெள்ளை சிமென்ட்டைச் சுரண்டுங்கள். மரை தெரிந்தால் துரு எடுக்கிற ஸ்ப்ரே அடித்து ஒரு ராத்திரி விட்டுவிடுவது நல்லது. மறுநாள் சுவருக்கு நெருக்கமாக, காக்கின் பட்டையான இடத்தில் ரெஞ்சைப் பிடித்து இடப்புறமாகத் திருகுங்கள். நுனியில் பிடித்தால் உடையும். ஒரே மூச்சில் இழுக்காமல், கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம் என்று ஆட்டி ஆட்டி எடுங்கள். சுவருக்குள் இருப்பது சிபிவிசி என்கிற பிளாஸ்டிக் பைப்பாக இருந்தால், காக் மாட்டியிருக்கும் வளைவுத் துண்டான எல்போ உள்ளேயே திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ரெஞ்ச் நகர்வதோடு சுவருக்குள் ‘கிரக்’ என்று சத்தம் கேட்டால் அத்தோடு நிறுத்துங்கள்.

காக்கோடு சேர்ந்து ஒரு பித்தளைத் துண்டும் வெளியே வந்தால் பயப்படவேண்டாம். டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டிய வீடுகளில் பைப் உள்ளே போய்விடும், அதை வெளியே நீட்டுவதற்காகப் போட்ட எக்ஸ்டென்ஷன் நிப்பிள் அது. அதையும் சேர்த்து மாற்றிவிடுவதே உத்தமம். புதியது என்ன நீளம் வேண்டும் என்று பார்க்க, ஒரு ஊதுவத்திக் குச்சியை ஓட்டைக்குள் விட்டு எல்போவின் வாய் விளிம்பில் நிறுத்தி, டைல்ஸ் மட்டத்தில் நகத்தால் கிள்ளி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். குச்சியையே கடைக்குக் கொண்டுபோகலாம்.

மரை உடைந்து உள்ளேயே மாட்டிக்கொண்டால் டம்மியும் போட முடியாது. ஆக்ஸா பிளேடுத் துண்டால் அந்த வளையத்தை உள்பக்கமிருந்து அறுத்து, ஸ்க்ரூ டிரைவரால் உள்நோக்கி மடக்கி எடுப்பார்கள். எல்போவின் மரையில் பிளேடு பட்டுவிட்டால் சுவரை உடைக்கவேண்டியதுதான். முதல்முறை செய்கிறவர் இதில் இறங்காமல், தண்ணீரை நிறுத்தியபடியே பிளம்பருக்கு போன் போடுவதே சரி என்பேன்.

நல்லபடியாகக் கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சுவர் ஓட்டையின் உள்மரையை டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஊசியால் பழைய டேப்பின் இழைகளை எடுத்து, காய்ந்த துணியால் துடையுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள், மரை வரி வரியாகத் தெரியவேண்டும். உங்கள் காக்கின் மரையும் அப்படித்தான். அது மழுங்கியிருந்தால் புதிது வாங்குங்கள். மரை கழன்ற காக்கோடு மல்லுக்கட்டினால் நமக்கும் கழன்றுவிடும்.

இப்போது டேப். அது பசை இல்லை. மரைக்கும் மரைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் நசுங்கி உட்கார்ந்து தண்ணீரை மறிப்பதுதான் அதன் வேலை. மரையின் முனை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி காக்கைப் பிடித்துக்கொண்டு, கடிகார முள் போகும் திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால், திருகத் திருக டேப் கழன்று பின்னால் சுருண்டுவிடும். முனையில் ஒரு மரையை விட்டுவிட்டு ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் டேப்பின் பிசிறு தண்ணீரோடு போய் ஃப்ளோட் வால்வில் மாட்டும். மரையின் மேடு பள்ளம் டேப்புக்கு வெளியே தெரியுமளவுக்கு இழுத்துச் சுற்றவேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் மெல்லிய டேப்புக்கு 10, 12 சுற்றுச் சரியாக இருக்கும். பயத்தில் முப்பது சுற்றுச் சுற்றிப் பொம்மை மாதிரி ஆக்கினால் பிளாஸ்டிக் எல்போ விரிசல் விடும். பழைய இரும்புக் குழாயில் மரை தளர்ந்திருந்தால், டேப் எவ்வளவு சுற்றினாலும் நிற்காது. அங்கே இன்னமும் பழைய முறைப்படி சணலும் பெயின்ட்டும்தான் கேட்கும்.

திருகுவதற்கு முன் ஃபிளாஞ்சை மாட்டினீர்களா? எல்லோரும் மறப்பது அதைத்தான், நானும் மறந்திருக்கிறேன். எல்லாம் இறுக்கியபிறகு தகடு மட்டும் தரையில் கிடந்து நம்மைப் பார்க்கும்.

முதல் மூன்று சுற்றுக் கையாலேயே போகவேண்டும். கை ஓடாவிட்டால் மரை கோணலாக ஏறுகிறது, வெளியே எடுத்து மறுபடி நேராக வையுங்கள். அப்புறம் ரெஞ்சுக்கும் காக்குக்கும் நடுவில் ஒரு துணி வைத்து இறுக்குங்கள். காக்கின் வாய் டேங்க் இருக்கும் பக்கம் பார்க்கவேண்டும். இறுக்கிக்கொண்டே வந்து அந்தத் திசையில் நிறுத்துங்கள். கொஞ்சம் தாண்டிவிட்டது என்று பின்னால் திருப்பினால் நசுங்கிய டேப் இடம்விட்டுவிடும், கட்டாயம் ஒழுகும். தாண்டிவிட்டால், இன்னொரு முழுச் சுற்றுக்கு இடமிருந்தால் போங்கள். இல்லாவிட்டால் கழற்றிப் பழைய டேப்பை உரித்துப் புதிதாகச் சுற்றுங்கள்.

தண்ணீர் விடும்போது

கனெக்‌ஷன் பைப்பை உடனே டேங்கில் மாட்டவேண்டாம். அதன் நுனியை வாளிக்குள் விட்டு, மேலே வால்வைத் திறந்து, ஆங்கிள் காக்கை மெதுவாகத் திறந்து அரை வாளி பிடியுங்கள். செந்நிறமாகத் துருவும் மணலும் வரும். அது டேங்குக்குள் போயிருந்தால் ஃப்ளோட் வால்வு அடைத்திருக்கும். தண்ணீர் தெளிந்தபிறகு காக்கை மூடிப் பைப்பை மாட்டுங்கள். மற்ற குழாய்களில் காற்று புஸ்ஸென்று வரும், தாழ்வான குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவைத்தால் சரியாகிவிடும்.

மறுபடியும் செய்தித்தாள் துண்டுகள். பத்து நிமிடம் கழித்து ஒருமுறை, ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை. முக்கியமானது மறுநாள் காலைப் பார்வை. ராத்திரி எந்தக் குழாயும் திறந்திருக்காது, மாடி டேங்கும் நிறைந்திருந்தால் காக்குக்கு வரும் அழுத்தம் அப்போதுதான் அதிகம். காலையிலும் காகிதம் காய்ந்திருந்தால் வெள்ளை சிமென்ட் வைத்து ஃபிளாஞ்சை மூடலாம். அதுவரை மூடாதீர்கள்.

நாலைந்து சுற்று மாடலை முழுக்கத் திறந்தபின் கால் சுற்றுத் திருப்பி வையுங்கள், இறுகிக்கொள்ளாது. எந்த மாடலானாலும் டாய்லெட் கழுவுகிற நாளில் எப்போதாவது ஒருமுறை மூடித் திறந்துவிட்டால் உப்பு பிடிக்காது.

வாங்கிய டம்மி இந்தமுறை தேவைப்படாமல் போகலாம். அதை ஒரு கவரில், மீதி டேப்போடு, பாத்ரூம் பரணில் போட்டுவையுங்கள். என்னுடையது மூன்று வருடமாக அங்கேதான் இருக்கிறது.